சீராளனைக் கேட்டவர் யார்?

ஒரு நூலை ஒருமுறை கற்றுவிட்டால் அதனை முற்றும் அறிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இருபது வயதில் கற்ற நூலை ஐம்பது வயதில் மீண்டும் எடுத்தால், அதே பக்கத்தில் அன்று கண்ணில் படாத சொல்லொன்று எழுந்து நம்மைத் தடுத்து நிறுத்துவதைக் காணலாம். பெரியபுராணத்துள் சிறுத்தொண்ட நாயனார் புராணத்தை நான் மூன்று முறை ஊன்றிக் கற்றிருக்கிறேன்: பயிற்சிக் கல்லூரி மாணவனாக ஒருமுறை, வகுப்பில் நின்ற ஆசிரியனாக ஒருமுறை, வளர்ந்த மகனுக்குத் தந்தையாக ஒருமுறை. மூன்றாம் முறை நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் வாளா அமர்ந்திருந்தேன். அதன் காரணத்தை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றை யாவரும் அறிவர்; எனினும் சுருங்கக் கூறுவது தேவையாகிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், பெரியபுராணத்தைப் பாடினார். அதில் வரும் சிறுத்தொண்டர் திருச்செங்காட்டங்குடியைச் சேர்ந்தவர், இயற்பெயர் பரஞ்சோதியார். படைத்தலைவராகச் சென்று வாதாபியை அழித்தவர். அப்போரை 642ஆம் ஆண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் நிகழ்த்திய போராக வரலாற்றாசிரியர் கொள்வர். பின்னர்ப் படைத்தொழிலை விடுத்து ஊர் திரும்பிய அவர், நாள்தோறும் சிவனடியார் ஒருவருக்கேனும் அமுதூட்டிய பின்னரே உண்பது என்னும் நியமம் பூண்டார். மனைவியார் திருவெண்காட்டு நங்கை. ஒரே மகன் சீராளன். ஒருநாள் வைரவக் கோலத்தில் வந்த அடியவர் ஒருவர் கேட்ட உணவு, ஐந்து வயது நிரம்பிய, உறுப்பில் குறையில்லாத, ஒரு குடிக்கு ஒருவனான சிறுவனின் ஊன். தாய் பிடிக்கத் தந்தை அரிதல் வேண்டும். இருவரும் மனம் உவந்து செய்தல் வேண்டும். அவ்வாறே செய்யப்பட்டது. இறுதியில் இறைவன் வெளிப்பட, பிள்ளை மீள்கிறான்.

பயிற்சிக் கல்லூரியில் இப்பகுதியைக் கற்றபோது 'பக்தியின் உச்சம்' என்று ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். தேர்வில் அவ்வாறே எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். சில ஆண்டுகளுக்குப்பின், ஜொகூரில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு நாயன்மார் கதைகளைச் சொல்லிவந்தபோது, இக்கதை முடிந்ததும் ஒரு மாணவி கையுயர்த்தினாள். "ஐயா, அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்றாள். "சாமி திருப்பிக் கொடுத்துவிட்டார் அல்லவா?" என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றேன். அவள் கேட்டது அதுவன்று என்பது எனக்கு அப்போதே தெரியும்.

சிரிக்கும் பிள்ளை

அம்மாணவியின் வினாவிற்குச் சேக்கிழார் விடை கூறியிருக்கிறார் என்பதை மூன்றாம் முறை கற்றபோதுதான் கண்டேன். மகனைக் கொணர்வதற்குச் சிறுத்தொண்டர் எங்கே செல்கிறார்? பள்ளிக்குச் செல்கிறார். தந்தையைக் கண்ட பிள்ளை காற்சதங்கை ஒலிக்க ஓடிவந்து தழுவிக்கொள்கிறான். தந்தை அவனை எடுத்துத் தோளிலேற்றி வீட்டிற்குக் கொண்டுவருகிறார். அக்காட்சியில் ஆசிரியர் வருவதில்லை. நாள்தோறும் நண்பகலில் பள்ளி வாயிலில் நின்று, பிள்ளைகளை அழைத்துச்செல்ல வரும் தந்தையரைப் பார்ப்பவன் நான். புத்தகப்பையைத் தந்தையிடம் எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளின் பின்னே தாவியேறும் பிள்ளையைக் காணும்போதெல்லாம் அந்தச் சதங்கையொலி இப்போது என் காதில் விழுகிறது.

அடுத்து வருவது இன்னும் அரிய இடம். தாய் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பற்றுகிறாள். தந்தை கருவியை எடுக்கிறார். அவ்வேளையில் சீராளன் சிரிக்கிறான். ஏன்? பெற்றோர் முகங்களில் பெருமகிழ்ச்சியைக் காண்கிறான். அவர்கள் தன்னோடு மகிழ்ந்து விளையாடுவதாக எண்ணித் தானும் மகிழ்கிறான். பெற்றோர் மகிழ்ந்தது அடியவர் இட்ட நிபந்தனையின்படி. பிள்ளை மகிழ்ந்தது பெற்றோரை நம்பியதால். அவனுக்குத் தெரியாது என்பதே சேக்கிழார் தரும் விடை.

இவ்விடத்தில் கவிஞரின் நேர்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சீராளன் வாயில் இரண்டு சொற்களை வைப்பது அவருக்கு அரிதன்று. 'தந்தையே, தங்கள் விருப்பம் நிறைவேறுக' என்று பிள்ளை இசைந்ததாகப் பாடியிருந்தால் நமக்கு உறுத்தல் பாதியாகக் குறைந்திருக்கும். அவர் அவ்வாறு பாடவில்லை. அடியாரின் பெருமையைப் பாடவந்த கவிஞர், அப்பெருமைக்கு உரிய விலையையும் மறைக்காமல் காட்டினார். அதனாலேயே இப்பகுதி பக்திநூலாக இருக்கும்போதே சிந்தனையைத் தூண்டும் நூலாகவும் நிற்கிறது.

இக்கதையை உருவகமாகக் கொண்டு, அரியப்பட்டது பிள்ளையன்று, 'என் பிள்ளை' என்னும் பற்றே என்று கூறுவாரும் உளர். அக்கருத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உருவகத்திற்குக் காற்சதங்கை எதற்கு? மழலை எதற்கு? பற்று என்பது பள்ளியிலிருந்து ஓடிவந்து தழுவுமா? சேக்கிழார் நம் கண்முன் நிறுத்துவது உயிருள்ள ஒரு பிள்ளையை.

புராணம் கொலையோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. உண்ண அமர்ந்த அடியவர் மகனை அழைக்கச் சொல்கிறார். தந்தையும் தாயும் வெளியே வந்து அழைக்க, பள்ளியிலிருந்து ஓடிவருபவனைப்போலச் சீராளன் வருகிறான். உள்ளே திரும்பினால் அடியவரும் இல்லை, கறியும் இல்லை. பின்னர்க் காட்சி தரும் இறைவன் தனித்து வரவில்லை. உமையோடும் முருகனோடும் வருகிறான். தந்தையைச் சோதித்தவன் தானும் ஒரு தந்தையாகக் காட்சி தருவதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. ஆயினும் பிள்ளை மீள்வான் என்பதை அறியாமலே சிறுத்தொண்டர் அதனைச் செய்தார் என்பதை மறந்துவிடலாகாது. முடிவை அறிந்து கற்கும் நாம் எளிதில் ஆறுதல் பெறுகிறோம். அவருக்கு அந்த ஆறுதல் இருக்கவில்லை.

நம் மரபே இச்செயலுக்குமுன் தயங்கி நின்றிருக்கிறது. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடலொன்று, பெற்ற பிள்ளையை அரிந்து ஊட்டும் வலிமை தமக்கு இல்லை என வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. துறவியே இவ்வாறு கூறுவாராயின், இல்லறத்தார் தயங்குவதில் நாணத்திற்கு இடமில்லை.

வினவும் பிள்ளை

இத்தகைய சோதனை தமிழுக்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் தொடக்கநூல் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்கு அழைத்துச் செல்கிறார். விறகை மகன் சுமக்கிறான். நெருப்பையும் கத்தியையும் தந்தை எடுத்துச் செல்கிறார். வழியில் மகன் வினவுகிறான்: நெருப்பும் விறகும் இருக்கின்றன, பலிக்குரிய ஆடு எங்கே? கடவுளே பார்த்துக்கொள்வார் என்னும் கருத்தில் தந்தை விடையளிக்கிறார். அது பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. இறுதியில் மகன் தப்புகிறான்; ஆட்டுக்கடா பலியாகிறது. தந்தை மலையிலிருந்து திரும்பியதை அந்நூல் கூறுகிறது. மகன் உடன் திரும்பியதை அவ்விடத்தில் கூறவில்லை. அதன்பின் தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஓர் உரையாடல்கூட அந்நூலில் இடம்பெறவில்லை. அந்த மௌனத்தைக் கண்டபோது, தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசாத வீடுகள் என் நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று என்னுடையது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

டென்மார்க் நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் 1843இல் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' என்னும் நூல் முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியதே. நூலின் தொடக்கத்தில் அவர் அம்மலைப் பயணத்தை நான்கு விதமாக மாற்றி மாற்றிக் கற்பனை செய்து பார்க்கிறார். அவற்றுள் ஒன்றில், ஆபிரகாம் தம்மைக் கொடியவனாகவும் கடவுளை அறியாதவனாகவும் மகன்முன் காட்டிக்கொள்கிறார். மகன் தந்தைமேல் கொண்ட நம்பிக்கையை இழந்தாலும் இழக்கட்டும். கடவுள்மேல் கொண்ட நம்பிக்கையை இழந்துவிடலாகாது என்பது அவர் எண்ணம். நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நம் பிடிவாதத்திற்கும் சினத்திற்கும் கடவுளின் பெயரைச் சூட்டிவிடுகிறோம். பிள்ளை நம்மோடு சேர்த்துக் கடவுளையும் வெறுக்கத் தொடங்குகிறது.

சிறுத்தொண்டரையும் ஆபிரகாமையும் அருகருகே வைத்து ஆராய்ந்தவர் டேவிட் ஷூல்மன். பசித்த கடவுள் எனப் பொருள்படும் தலைப்பில் 1993இல் அவ்வாராய்ச்சி ஆங்கிலத்தில் நூலாக வந்தது. தமிழ் நூலொன்று உலகின் பெருநூல்களோடு ஒப்ப வைத்து எண்ணப்படுவது நமக்குப் பெருமையே. ஆயினும் அந்நூல்கள் எழுப்பும் வினாவை எதிர்கொள்ளாமல் பெருமையை மட்டும் ஏற்றுக்கொள்வது முறையாகாது.

வினவப்பட்ட பிள்ளை

நாம் வாழும் இந்நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் பொது விடுமுறை நாள். விடுமுறையை நினைவில் வைக்கும் நம் மாணவருள் எத்தனை பேர் அதன் பின்னணியை அறிவர்? இப்ராஹிம் நபி தம் மகனைப் பலியிடத் துணிந்த அதே நிகழ்ச்சியே அந்நாளில் நினைவுகூரப்படுகிறது. திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் இதனைக் கூறுகிறது. அங்கே மகனின் பெயர் குறிக்கப்படவில்லை. இஸ்மாயில் என்பதே இஸ்லாமிய மரபில் பெரும்பான்மையோர் கருத்து. அங்குள்ள ஒரு செய்தி கருதற்குரியது. தந்தை தாம் கண்ட கனவை மகனிடம் கூறிவிட்டு, அவனுடைய கருத்து என்ன என்று வினவுகிறார். மகன் சிந்தித்து இசைகிறான்.

மூன்று நூல்களிலும் சோதனை ஒன்றுதான். ஒன்றில் பிள்ளை அறியாமல் சிரிக்கிறான். ஒன்றில் ஐயுற்று வினவுகிறான். ஒன்றில் தந்தையே அவனை வினவுகிறார். எந்நூல் உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஒவ்வொன்றும் தன் மரபுக்குள் முழுமை பெற்றது. ஆனால் தந்தையாக நின்று கற்கும் ஒருவன், இம்மூன்றுள் தன் வீடு எவ்வகை என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருத்தல் இயலாது.

மறுமொழி கூறும் பிள்ளை

நான்காவதாக ஒரு பிள்ளையும் உண்டு. கம்பராமாயணத்து யுத்த காண்டத்தில் இரணியன் வதைப் படலம் வருகிறது. வான்மீகத்தில் இல்லாத இப்படலத்தைக் கம்பர் வீடணன் வாயிலாக இராவணனுக்குச் சொல்ல வைக்கிறார். இங்கும் ஒரு பள்ளிக் காட்சி உண்டு. இரணியன் பெயரைச் சொல்லித் தொடங்குமாறு கற்பிக்கும் ஆசிரியன்முன் பிரகலாதன் காதுகளைப் பொத்திக்கொண்டு நாராயணன் நாமத்தைக் கூறுகிறான். ஆசிரியன் நடுங்குகிறான். பிள்ளை கூறுவது மெய்யா என்று அவன் ஆராயவில்லை. மன்னன் தன்னை என் செய்வானோ என்றே அஞ்சுகிறான். ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கடக்காமல் நின்று பார்த்தால் நம் முகம் தெரியும்.

இரணியனை அரக்கன் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அவனும் தந்தையே. மகன் கற்றதைக் கேட்டு மகிழ விரும்பியவன். தான் நம்பியதையே மகனும் நம்பவேண்டும் என்பதே அவன் கேட்டது. சிறுத்தொண்டர் தம் நம்பிக்கைக்காக மகனைக் கொடுத்தார். இரணியன் தன் நம்பிக்கையை ஏற்காத மகனைக் கொல்லத் துணிந்தான். ஒருவர் அடியார், மற்றவன் இறைவனுக்குப் பகைவன். ஆயினும் பிள்ளையின் பக்கத்தில் நின்று நோக்கினால் இரு வீடுகளிலும் கருவி தந்தையின் கையிலேயே இருக்கிறது. இவ்வாறு எழுதுவது சிலருக்கு வருத்தம் தரலாம். இருவரும் ஒன்று என நான் கூறவில்லை. தந்தையின் நம்பிக்கை மெய்யானதா பொய்யானதா என்பது ஒரு வினா. அந்நம்பிக்கைக்குரிய விலையைப் பிள்ளை செலுத்தலாமா என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கண்டுவிட்டால் பின்னதற்கும் விடை கண்டுவிட்டதாக நாம் மயங்குகிறோம்.

பிரகலாதனோ தந்தையை வெறுக்கவில்லை. நரசிங்கம் வெளிப்பட்ட இறுதி வேளையிலும், வணங்கினால் பிழை பொறுக்கப்படும் என்று தந்தைக்காக மன்றாடுகிறான். இரணியன் செவிமடுக்கவில்லை.

நேர்ந்தவனும் செலுத்தியவனும்

என் மகன் பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலால் மூன்று நாள் கண் திறக்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, அவன் பிழைத்தால் பதினெட்டாம் வயதில் பத்துமலையில் காவடி எடுப்பான் என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்தான். நம் வீடுகளில் இத்தகைய நேர்த்திக்கடன் புதிதன்று. மொட்டை போடுவதும் காது குத்துவதும் காவடி எடுப்பதும் பெற்றோர் நேர்ந்து பிள்ளைகள் செலுத்தும் கடன்களே.

பதினெட்டாம் வயதில் அவனிடம் அதனைக் கூறினேன். அவன் அமைதியாக, "நேர்ந்தது நீங்கள்தானே அப்பா? எனக்கு அப்போது பேச்சே வரவில்லையே" என்றான். எனக்குச் சினம் மூண்டது. அவன் உயிரோடிருப்பதே அந்த வேண்டுதலால் என்றேன். நன்றி கெட்டவன் என்றேன். என் வீட்டில் இருந்தால் என் சொற்படி நடக்கவேண்டும் என்றும் சொன்னேன். சில மாதங்கள் ஒரே மேசையில் உண்டோம், பேசவில்லை. நான் புராணத்தை மூன்றாம் முறை எடுத்தது அந்நாள்களில்தான். உண்மையில் அவனுக்கு எடுத்துக்காட்டி அவனை வெல்வதற்காகவே எடுத்தேன். நூலோ அவன் பக்கம் நின்று என்னைக் கேட்டது.

அவனைக் கூப்பிட்டு, "நேர்ந்தவன் நான், செலுத்த வேண்டியவனும் நானே" என்றேன். அவ்வாண்டு தைப்பூசத்தன்று, என் நாற்பத்தொன்பதாம் வயதில், பால்குடம் ஏந்திப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறினேன். நான் அழைக்காமலே அவன் ஜொகூரிலிருந்து உடன் வந்தான். என் செருப்புகளை ஒரு பையிலும் தண்ணீர்ப் புட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஏறினான். மேலே அவன் கும்பிடவில்லை. எனக்குக் கால் இடறியபோது தோளைப் பிடித்துக்கொண்டான். இன்றும் அவன் எதனை நம்புகிறான் என்பதை நான் முழுமையாக அறியேன். கேட்டால் சொல்கிறான், குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ள நான் பழகி வருகிறேன்.

ஆசிரியர் கடமை

கடோபநிடதத்தில் நசிகேதன் தந்தையிடம், 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்' என்று மும்முறை வினவுகிறான். சினந்த தந்தை, 'எமனுக்கு' என்கிறார். எமனுலகம் சென்ற சிறுவனுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. முதல் வரமாக அவன் கேட்டது தந்தையின் சினம் தணிவதையும், திரும்பிச் செல்லும் தன்னை அவர் மகிழ்ந்து ஏற்பதையும். பிள்ளைகள் நம்மிடம் வாதிடும்போது நம்மைத் துறந்துவிட்டதாக எண்ணுகிறோம். அவர்கள் திரும்பிவரும் வழியைத் தேடுகிறார்கள் என்பதை இப்பழைய நூல் நமக்கு நினைவூட்டுகிறது.

நம் மாநிலத்துத் தந்தையருள் பலர் விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர். பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, உறங்கியபின் திரும்புவோர். அவர்கள் பிள்ளைக்காக உழைக்கிறார்கள், வேண்டுகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளையோடு பேசுவதற்கு மட்டும் நேரம் வாய்ப்பதில்லை. அவ்விடைவெளியைப் பள்ளி ஓரளவேனும் நிரப்புதல் வேண்டும். சிறுத்தொண்டர் வரலாறு கொடுமையானது எனக் கருதி அதனைப் பாடத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பாரோடு நான் உடன்படவில்லை. 'பக்தியின் உச்சம்' என்ற ஒரே தொடரில் அதனை முடித்துவிடுவாரோடும் உடன்படவில்லை. நூலை முழுமையாகக் கற்பிப்போம். பிள்ளையின் சிரிப்பையும் சேர்த்தே கற்பிப்போம். வினா எழுந்தால் அதற்கு இடங்கொடுப்போம்.

அண்மையில் ஓர் ஆசிரியர் விடுப்பிலிருந்ததால் ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு நானே சென்றேன். சிறுத்தொண்டர் கதையைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், ஏறத்தாழ அம்மாணவியின் சொற்களிலேயே, அதே வினாவைக் கேட்டான். "தெரியாது, தம்பி. அவனிடம் யாரும் கேட்கவில்லை" என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினர். மணி அடித்த பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.